மாடுகளை அழைக்கப் போன காலை

சனிக்கிழமை காலை 5.50. பல்லாவரத்தில் ஐந்து ரூபாய் டிக்கெட் எடுத்து, செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் ஏறினேன். நான்காவது நிறுத்தம் பெருங்களத்தூர்.

என் மகள் நித்யா பீர்க்கன்கரணை ஏரிக்கரைப் புற்களை ஆராய்கிறாள். மூன்று வாரங்களுக்கு முன் அங்கே அவளைக் கண்ணாடிவிரியன் கடித்தது. ஆறு நாள் மருத்துவமனை. அந்த ஐசியூ கதவின் சத்தம் இன்னும் தூக்கத்தில் கேட்கிறது. திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன் என்கிறாள். தடுக்க முடியாது.

அந்தப் பாம்பு ஒளிந்திருந்த புல் இடுப்பளவு வளர்ந்ததற்குக் காரணம் நான்தான். மாடு அவளை முட்டிவிடுமோ என்று பயந்து, போன வருடம் போட்டோவோடு மாநகராட்சியில் புகார் கொடுத்து, அங்கே மேய்ந்தவற்றை விரட்டி, வேலியும் போட வைத்தேன். "மாடு மேய்ஞ்சாதான்பா சின்னச் செடிக்கெல்லாம் வெயில் கிடைக்கும்" என்று அவள் அப்போதே சொன்னாள். இந்த வாரம் புகாரைத் திரும்பப் பெற்று, மாடு கட்ட அனுமதியும் எழுதி வாங்கிவிட்டேன். மாட்டுக்காரர் சம்மதம்தான் பாக்கி.

6.20. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ. ஒன்றரை கிலோமீட்டருக்கு எண்பது ரூபாய்.

"வாக்கிங்கா சார்?"

"மாட்டுக்கார அம்மாவைப் பார்க்கணும்."

"வசந்தாக்காவா? பாலு வேணும்னா வூட்டாண்டயே வந்து ஊத்துமே!"

6.35. வேலிக்கு வெளியே, மாடு மேய்ந்த தரை பாய் விரித்தது போலிருந்தது. தரையோடு படரும் பொடுதலை பூத்திருந்தது, இரண்டு ஆட்காட்டிக் குருவிகள் ஓடின. வேலிக்கு அப்பால் காய்ந்து சாய்ந்த உயரப் புல் மட்டும்.

வசந்தாவுக்கு நாற்பது வயதிருக்கும். தரையில் அடித்த முளையில் பசுவைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் யார், மகளுக்கு என்ன ஆனது, மாட்டை ஏன் கேட்டு வந்தேன் என்று சொன்னேன்.

"ஓ, போட்டோ சார் நீதானா? என் மாட்டைப் புடிச்சிகினு போயி ரெண்டு நாள் அடைச்சாங்க. கன்னு கத்துன கத்து உனுக்குத் தெரியுமா?"

"தப்பு என்னோடதுதான்."

"உன் பொண்ணைக் கடிச்ச பாம்பு என் மாட்டைக் கடிக்காதா?"

"கடிக்கலாம்" என்றேன். ஆனாலும் கிளம்பாமல் நின்றேன்.

அவர் என் கால்களைப் பார்த்தார். "செருப்பு போட்டுகினு வந்துகீற. பயமா இல்ல?"

"இருக்கு."

முளையைப் பிடுங்கித் தோளில் வைத்து, பசுவை ஓட்டிக்கொண்டு வேலியை நோக்கி நடந்தார்.

7.10. வேலிக் கதவைத் திறந்து, உள்ளே போகாமல், வெளித் தரையிலேயே முளையை அடித்தார். பத்தடிக் கயிறு. நீளமான தடியால் புல்லை ஓங்கித் தட்டினார். பசு விளிம்பிலிருந்து மேயத் தொடங்கியது.

"மேஞ்ச தரையிலதான் அடுத்த முளை. மனுசன் காலு புல்லுக்குள்ள போவவே கூடாது. பாம்பு மூட்டை கட்டிகினு கிளம்ப டைம் குடுக்கணும் சார்."

"திங்கட்கிழமைக்குள்ள முடியுமா?"

"இது இன்னா மாடா, ஜேசிபியா? ஒரு நாளைக்கு ஒரு முளைதான். அதுக்குள்ள ரெண்டு முளை தூரம் ஆவும்."

9.40. திரும்பும் ரயிலிலிருந்து நித்யாவுக்குப் போன் செய்தேன்.

"திங்கட்கிழமை போ. ஆனா மாடு மேய்ஞ்ச ரெண்டு முளை தூரம்தான். அதுக்கு மேல ஒரு அடி கூடாது."

"நான் கயிறு கட்டிப் புல் எண்ணுற கட்டம் இன்னும் உள்ள இருக்குப்பா. சரி. மாடு வர்ற வரைக்கும் காத்திருக்கேன்."

எங்கள் தெருவில் பயம் வந்தால் கேட்டைப் பூட்டுவோம், மண்ணுக்கு சிமெண்ட் பூசுவோம். ஏரிக்கரையில் அது நடக்காது. அங்கே பயத்தை நாளுக்குச் சில அடிகள்தான் குறைக்க முடியும். நாளைக்கு இரண்டாவது முளை. தடி பிடிக்க நான் வருவதாக வசந்தாவிடம் சொல்லிவிட்டேன்.