அட்டை மூடிய கிளாஸ்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில், பீரும் விற்கும் காப்பிக்கடை ஒன்றில் சாயங்காலங்களில் அவரைப் பார்ப்பேன். எழுபதைத் தாண்டியவர், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. இந்த வெக்கையிலும் ஐஸ் வேண்டாம் என்பார். இங்கிலீஷ் பீரை இரண்டு கிளாஸ்களில் ஊற்றி ஒன்றை மெல்லக் குடிப்பார். மற்றதை, சட்டைப்பையில் கொண்டுவரும் பழைய வட்ட அட்டையால் மூடிவைப்பார். மேசை துடைக்கும் அம்மா அதைத் தொடவே மாட்டார்.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கேட்டேன். "அது யாருக்கு அங்கிள்?"

"வைஃபுக்கு லா. லண்டன்ல படிக்கிறப்ப ரெண்டு பேரும் ஒரே பப்புக்குத்தான் போவோம். அங்க கிளாஸ் மேல அட்டைய வச்சுட்டு எழுந்து போனா, திரும்பி வருவேன், எடுத்துடாதீங்கன்னு அர்த்தம். இப்ப ஹாஸ்பிட்டல்ல இருக்கா. வந்துடுவா."

பிறகு சில வாரங்கள் அவரைக் காணவில்லை. மறுபடி வந்த அன்றும் இரண்டு கிளாஸ்களிலும் ஊற்றினார். அட்டையை மட்டும் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். ஆன்ட்டியின் கிளாஸ் திறந்தே இருந்தது.

துடைக்க வந்த அம்மாவும் தயங்கி நின்றார்.

"எடுத்துடுங்கம்மா" என்றார் அவர்.

இப்போதும் அந்தக் கடையில் யாராவது கிளாஸை மூடாமல் எழுந்து போனால், திரும்பி வருகிறாரா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.