வெளியே தெரியாத நோவு

ஜப்பான்காரன் ஆட்சியில், கூலிம் பக்கம் பாடாங் மேஹாவை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் நடந்தது இது. அப்போதுதான் எனக்குக் கல்யாணமாகியிருந்தது. பால்வெட்டு நின்றுபோய், மரவள்ளிக்கிழங்கு நட்டு அதையே தின்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தோம்.

எனக்கோ உடம்பெல்லாம் நோவு. கழுத்து, தோள், முட்டி என்று தொட்ட இடமெல்லாம் வலிக்கும். தூங்கி எழுந்தால் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். ஆனால் வீக்கமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார். கூலிக் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் எனக்குச் சோம்பேறிப் பட்டம். என் மனைவியும், மண்வெட்டியைக் கண்டால்தான் எனக்கு நோவு வரும் என்று ஏசுவாள். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அவள் பேச்சைத்தான் தாங்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து முதலில் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. ஒரு நாள் மாலை, மறுநாள் பெரட்டில் மறுபடியும் ஆள் பொறுக்கப்போவதாகக் கங்காணி சொல்லிவிட்டுப் போனார். பெரட்டு என்றால் விடிந்ததும் எல்லாரும் வரிசையில் நின்று பெயர் கொடுப்பது. சீக்காளிகளுக்குத் தனி வரிசை. அங்கே நின்றால் புண்ணைக் காட்ட வேண்டும். காட்ட ஒன்றும் இல்லாதவனுக்குக் கன்னத்தில் ஓர் அறை, பிறகு சயாமுக்கு லாரி. நான் எதைக் காட்டுவது?

விடியும் நேரத்தில் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டை ஒரு சிரட்டையில் எடுத்துவந்த மனைவி, என்னவென்று நான் கேட்பதற்குள் என் பாதத்தில் ஊற்றிவிட்டாள். தோல் வெந்து வெளுத்தது. கட்டிய மனைவியா இப்படிச் செய்தாள் என்று எனக்குப் புத்தியே கலங்கிப்போயிற்று.

அலறிய என் வாயைப் பொத்திக்கொண்டு அவளும் அழுதாள். "உங்க நோவு நெசம்னு எனக்குத் தெரியும். தூக்கத்துலகூட மொனகுறீங்க, தூங்கும்போது யாராச்சும் நடிப்பாங்களா? ஏசுனா எந்திரிச்சு நடமாடுவீங்கன்னுதான் ஏசுனேன். ஆனா ஜப்பான்காரனுக்குக் கண்ணால பாத்தாத்தானே நோவு."

பெரட்டில் ஜப்பான் அதிகாரி என் பாதத்தைப் பார்த்து முகம் சுளித்து, தடியால் என்னை ஒதுக்கிவிட்டான். அடுத்து நின்றவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலி என்றார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவரை லாரியில் ஏற்றினார்கள். அவரும் திரும்பவில்லை.

வயதான காலத்தில் அலோர் ஸ்டாரில் ஒரு டாக்டர் என் உடம்பை அங்கங்கே விரலால் அழுத்திப் பார்த்தார், வலி எப்போதிருந்து, எங்கெங்கே என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டார். ரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் இது தெரியாது, ஆனால் வலி உண்மை, ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் என்றார். அதைக் கேட்க என் மனைவி உயிரோடு இல்லை.

பாதத்தில் இருந்த தழும்பைப் பார்த்து, இது எப்படி வந்தது என்றும் கேட்டார். என் வலியை நம்பிய ஒரே ஆள், அதை மற்றவர்களுக்குக் காட்ட என் பாதத்தைப் பொசுக்க வேண்டியிருந்ததே என்று நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.