அக்காவின் உறுமியை நான் பூட்டி வைத்த நாள்

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இன்றைய நினைவுச் சடங்கில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருக்கு அவருடைய உறுமியைத் தெரியும். அவருடைய கடைசி மூன்று நாள்களில் நடந்தது முழுதாகத் தெரியாது. தெரிந்தவன் நான். அதனால் எழுதுகிறேன்.

தானா ராத்தாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்தில் அக்கா பிறந்தார். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது. தேயிலை ஆலையில் வேலை பார்த்து என்னைப் படிக்கவைத்தார். தமக்கென்று ஒரு கல்யாணப் பேச்சை யாரையும் எடுக்கவிடவில்லை.

உறுமியை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. "பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்குலா?" என்று கோயில் மேளக்குழுவினர் சிரித்தார்கள். அவர்களுடைய கைகளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து ரொட்டி டின்னில் தட்டிப் பார்ப்பார். பிறகு தோல் கிழிந்த பழைய உறுமி ஒன்றைக் கேட்டு வாங்கி, தாமே தோல் மாற்றினார். வளைந்த குச்சியால் தேய்த்து அந்த உறுமலை வரவழைக்க இரண்டு வருஷம் ஆனது. ஒரு திருவிழாவுக்கு ஆள் குறைந்தபோது அதே குழு எங்கள் வாசலில் வந்து நின்றது. அதன்பின் இருபது வருஷம் அக்காதான் முன்வரிசை.

சென்ற ஆண்டு மழை விடாமல் பெய்த வாரம். ஒரு மதியம் அக்கா பின்கதவிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, மழை இப்படிக் கொட்டுது. லோங்காங்ல தண்ணி ஓடுற சத்தத்தையே காணோம். எங்கடா போகுது?"

போய்ப் பார்த்தேன். மலையடியில் வெட்டிய அந்த வடிகாலில் வெறும் சேறு. மேலே சரிவில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அக்கா தோட்ட ஆபீசுக்கு ஓடி, கணக்கு எழுதும் கிராணியிடம் சொன்னார். "மழை விடட்டும், பாக்கலாம்லா" என்றார் அவர். திரும்பி வந்த அக்கா உறுமியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று அடித்தார். எங்கள் லயத்தின் ஆறு வீட்டாரும் கோயில் மண்டபத்துக்கு ஓடினோம். மலை அசையவில்லை.

மறுநாளும் அடித்தார். இரண்டு வீட்டார்தான் வந்தார்கள். அன்று அந்த வெடிப்பில் என் கையே நுழைந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. "உங்க அக்காவுக்கு தினமும் திருவிழாவா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டதுதான் என் காதில் இருந்தது.

"போதும்க்கா. எல்லாரும் ஒரு மாதிரி பேசறாங்க."

உறுமியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அக்கா தடுக்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா சோற்றில் கை வைத்தபடியே தலையைத் தூக்கினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"வேர் அறுபடுதுடா. எந்திரி."

கழுவாத கையோடு ஓடி, ஒவ்வொரு கதவையும் உள்ளங்கையால் அறைந்தார். திட்டிக்கொண்டேதான் எல்லாரும் வெளியே வந்தார்கள், ஆனாலும் வந்தார்கள். கடைசி வீட்டில் இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர் வங்காளதேசத்து ரஹிம். அவரை அக்கா இழுத்து வெளியே தள்ளியதைப் பார்த்தேன். அடுத்த நொடி அந்த வீடு அங்கே இல்லை. அக்காவும் இல்லை.

உறுமி கையில் இருந்திருந்தால் அவர் எங்கள் வாசலிலேயே நின்று அடித்திருப்பார். ரஹிமின் கதவு வரை போயிருக்க வேண்டியதில்லை.

நகம் பிய்ந்தும் நிறுத்தாமல் மண்ணைத் தோண்டிய ரஹிமுக்கும், மீட்புப் பணியாளர்களுக்கும், பிரிஞ்சாங்கிலிருந்து மூன்று நாள் சோறு அனுப்பிய சாப்பாட்டுக்கடை பாய்க்கும், இறுதி ஊர்வலத்தில் வாசித்த மேளக்குழுவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மேல் லயத்து உறவுகளே, இந்த மலர் அச்சுக்குப் போகுமுன் உங்கள் வீடுகளின் பின்னால் போய்ப் பார்த்தேன். சரிவில் புதிதாக வெடிப்பு ஓடியிருக்கிறது. ஆபீசில் சொன்னேன், மழை விடட்டும் என்கிறார்கள். இன்றைய சடங்கு முடிந்ததும் யாரும் அங்கே திரும்ப வேண்டாம். கோயில் மண்டபத்தில் பாய் விரித்திருக்கிறோம். பிள்ளைகளை முதலில் கூட்டி வாருங்கள்.