ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தொழிற்பள்ளியில், ஐம்பதுகளின் நடுவில் ஒருநாள், பரீட்சைக்கு நின்ற ஜீப் வேட்டு விட்டதற்குக் காரணம் நான்தான். அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் ஆசிரியர் பட்டாளத்தில் மெக்கானிக்காக இருந்தவர். கரும்பலகையில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. இரண்டு பேருக்கு ஒரு ஓடாத வண்டி என்று பங்கு போட்டு, "இத ஓட வெச்சுக் காட்டுங்கடா. அதான் பாடம், அதான் பரீட்சை" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார்.

எனக்கு வாய்த்தது யுத்தகாலத்து ஜீப் ஒன்றும், ஓசூர்க்காரக் கூட்டாளி ஒருவனும். அவன் வீட்டில் தெலுங்கு பேசுவான், லாரி டிரைவர்களோடு கன்னடம் பேசுவான், தமிழை என்னைக் கிண்டல் செய்ய வைத்திருந்தான். ஆறாவதோடு படிப்பை விட்டவன். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். அதைத் தினமும் யாரிடமாவது சொல்லிவிடுவேன். அதையே எனக்குப் பெயராக வைத்துவிட்டான்.

"யோவ் எஸ்செல்சி, அந்த ஸ்பேனர எடு. படிச்சவன் கை பட்டா போல்ட்டு தானா கழண்டுக்குமாம்."

ஆறு மாதத்தில் ஜீப்புக்கு உயிர் கொடுத்தவன் அவன். நான் செய்முறைக் குறிப்பேடு எழுதினேன்.

பரீட்சையில் ஜோடிக்கு ஒருவனுக்குப் பெங்களூர்த் தொழிற்சாலைக்குச் சிபாரிசுக் கடிதம் கிடைக்கும். எங்களில் அது அவனுக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். கிடைக்காவிட்டால் அவன் பழையபடி மாமாவின் ஷெட்டில் லாரி கழுவ வேண்டும்.

பரீட்சையன்று காலை அவன் குளிக்கப் போயிருந்தான். நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நான்கு ஸ்பார்க் பிளக்குகளுக்குப் போகும் வயர்கள், மின்சாரத்தைப் பங்கிடும் டப்பாவின் மூடியில் ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று செருகியிருந்தன. ஆறாவது படித்தவனுக்கு எண்ணக்கூட வராதா என்று சிரித்துக்கொண்டே, ஒன்று முதல் நான்குவரை ஒழுங்காக மாற்றிச் செருகினேன். இன்ஜின் அந்தக் கோணல் வரிசையில்தான் ஓடும் என்று ஆசிரியர் சொன்னபோது, நான் குறிப்பேட்டுக்கு ஓரக்கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

சேலத்திலிருந்து அதிகாரி வந்தார். கூட்டாளி ஸ்டார்ட் செய்யும் கைப்பிடியைச் சுழற்றினான். ஜீப் இருமியது, குலுங்கியது, மாரியம்மன் பண்டிகை வேட்டுபோல ஒன்று விட்டது. அதிகாரி புளியமரத்துக்குப் பின்னால் நின்றார். காபி அவர் சட்டையில் இருந்தது.

"வயரு மாறியிருக்குது சார்" என்று கூட்டாளி இரண்டே நிமிடத்தில் சரிசெய்தான். ஜீப் தையல் மிஷின்போல ஓடியது.

"யாருய்யா மாட்டுனது?" என்றார் அதிகாரி.

"வயரிங் பூரா அவன் வேலைதான் சார்" என்றேன் நான். அது பொய்யும் அல்ல. அதுதான் அதிலுள்ள அசிங்கம்.

அவன் என்னைப் பார்த்தான். துடைத்த துணி இன்னும் என் தோளில்தான் கிடந்தது.

"ஆமா சார், நாந்தான்" என்றான்.

கடிதம் எனக்கு வந்தது. குறிப்பேடு மிக நேர்த்தி என்று எழுதியிருந்தார்கள். ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று அவனிடம் நான் கேட்கவே இல்லை.

வழியனுப்ப வந்தவன், "அங்க போயி எதையும் தொட்டுப்புடாத எஸ்செல்சி. எழுதிக்கிட்டே இரு, பொழச்சுக்குவ" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

பெங்களூரிலிருந்து ஊருக்கு வரும் பஸ், ஓசூரில் அவன் மாமாவின் ஷெட்டைத் தாண்டித்தான் வரும். வேலையில் இருந்த காலம் முழுவதும், எவ்வளவு வெயிலடித்தாலும், எதிர்ப்பக்க ஜன்னலோரம்தான் உட்கார்ந்து வந்தேன்.