அக்கா ஊற்றிய தண்ணீர்

அக்கா வீட்டு அடுப்படி அலமாரியில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கிறது. அதன் கழுத்தில் நீதிமன்றத்தில் கட்டிய நூலும், சான்றுப்பொருள் என்று எழுதிய அட்டைத் துண்டும் இன்னும் தொங்குகின்றன. அறுத்துப் போடும்படி நான்கு முறை சொல்லிவிட்டேன். "அது பாட்டுக்குக் கெடக்கட்டும் தம்பி" என்பதோடு சரி.

அக்கா வாழ்க்கைப்பட்டது சமயநல்லூருக்குப் பக்கத்து ஊரில். அத்தான் வீட்டில் காதுகுத்து என்றால் சாமிக்கு நேர்ந்த ஒரு கிடாயைப் பூசாரி வெட்டுவார். விருந்துக் கிடாய்களைக் கோரிப்பாளையத்திலிருந்து வரும் பாய் ஓதி அறுப்பார். வெங்காய வியாபாரத்தில் அத்தானோடு பழகிய முஸ்லிம்களும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஏற்பட்ட வழக்கம் அது. பேத்தியின் காதுகுத்தன்று கோயில் வாசலில் பாய் மூன்று கிடாய்களையும் முடித்து, கத்தியைச் சாக்கின் மேல் வைத்துவிட்டுக் கை கழுவக் குனிந்தார். அக்கா சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். அப்போதுதான் பின்னாலிருந்து வந்தவன் அரிவாளால் வெட்டினான். அத்தானின் தம்பி மகன்; அக்காவைப் பெரியம்மா என்று கூப்பிட்டு அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். நம் சாமி வாசலில் வேறு மதத்தான் ஓதக் கூடாது என்று சில மாதங்களாகச் சொல்லித் திரிந்தான். வெறும் வாய்ப்பேச்சு என்று இருந்துவிட்டோம். பாய் அந்த இடத்திலேயே இறந்துபோனார். குழந்தைக்குக் காது குத்தாமலே பந்தலைப் பிரித்தார்கள்.

நேரில் பார்த்த சாட்சிகள் என்று போலீஸ் பதினோரு பேரைச் சேர்த்திருந்தது. எல்லாரும் சொந்தக்காரர்கள். ஒவ்வொருவராகக் கூண்டில் ஏறி, தான் எதையும் பார்க்கவில்லை என்று பிறழ, நான் விரல்களை மடக்கிக்கொண்டே வந்தேன். பத்து விரலும் மடங்கிவிட்டன. மிச்சம் அக்கா ஒருத்திதான். அவளும் மாற்றிச் சொன்னால் அவன் வெளியே வந்துவிடுவான். அவள் சொல்லாவிட்டாலும் எனக்குப் பயம், சொன்னாலும் பயம். சாட்சி சொன்ன பிறகு அந்தத் தெருவில் எத்தனை வீடுகள் அவளோடு பேசும் என்று கணக்குப் போட்டு, ஆனையூருக்கு என் வீட்டோடு வந்துவிடச் சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை. அவனுடைய அம்மா வந்து அழுதாள். "பாக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்கக்கா."

"நான் பாக்கலன்னா, சொம்பு தானாப் போயி தண்ணி ஊத்துச்சாடி?" என்று கேட்டுவிட்டு, அழுதவளுக்குக் காப்பி போட உள்ளே போனாள் அக்கா.

பாய்தான் முதலில் கத்தியை ஓங்கினார், பையன் தன்னைக் காத்துக்கொள்ளவே வெட்டினான் என்பது எதிர்த்தரப்பு வக்கீலின் வாதம். அக்கா கூண்டில் நின்றபடி இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குழித்து நீட்டினாள். "இப்பிடித்தாங்கய்யா தண்ணி வாங்கிட்டு இருந்தாரு. கத்திய எந்தக் கையில ஓங்குவாரு?" வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். மேசை மேலிருந்த சொம்பையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குற்றவாளி என்று தீர்ப்பாகி, தண்டனை பற்றிச் சொல்ல ஏதாவது உண்டா என்று நீதிபதி கேட்டபோது, சாமிக்காகச் செய்தேன் என்றான் அவன். "சாமி கெடாயத்தான கேட்டுச்சு" என்று அக்கா முணுமுணுத்தது எனக்கு மட்டும் கேட்டது. ஆயுள் தண்டனை. வெளியே வந்ததும் பாயின் தம்பி எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வழக்கு தொடங்கிய பிறகு எனக்கு டீ ருசித்தது அன்றுதான்.

மேல்முறையீடும் தள்ளுபடியாகி, சொம்பு திரும்பி வந்த பிறகு, போன ஆவணியில் பேத்திக்குக் காதுகுத்து வைத்தாள் அக்கா. கிடாய் அறுக்கப் பாயின் தம்பியைத்தான் கூப்பிட்டாள். அவர் தயங்கினார்.

"நீங்க வரலன்னா யாரு அறுக்குறது, எந்தம்பியா? அவன் கெடாய எண்ணிக்கிட்டுல்ல இருப்பான்."

அவர் வந்தார். பிறழ்ந்த பத்துப் பேரில் ஆறு பேர் வந்திருந்தார்கள். எனக்குக் காலையிலிருந்தே யார் கையில் என்ன இருக்கிறது என்பதிலேதான் கண். அவர் அறுத்து முடித்து, கத்தியைச் சாக்கின் மேல் வைத்துவிட்டுக் குனிந்து இரு கைகளையும் ஏந்தினார். அட்டைத் துண்டு ஆட, அக்கா சொம்பைச் சாய்த்தாள். நான் அவசரமாக அவர் முதுகுக்குப் பின்னால் போனேன். அங்கே அந்த ஆறு பேரில் இரண்டு பேர் எனக்கு முன்பே வந்து, வெளிப்பக்கம் பார்த்து நின்றிருந்தார்கள்.

தண்ணீர் தீரும்வரை ஊற்றினாள். அவர் நிமிர்ந்து, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"சோறு எப்பக்கா?"