ஐந்து கை இல்லாத கல்

தம்பி மனைவிக்கு வேலை வாங்கிக் கொடுத்ததை நினைத்துப் பெரியவள் தலையில் அடித்துக்கொள்ளாத நாளே அந்த வருடம் கிடையாது.

அருங்காட்சியகத்தின் பின்பக்கம், ஜன்னல் ஓரமாக இரண்டு மேசைகள் போட்ட அறை அது. கல்லுக்குள் புதைந்து தானும் கல்லாகிப்போன கடல் உயிர்களை, ஒட்டியிருக்கும் பாறையைக் காற்றழுத்தத்தால் அதிரும் ஊசியால் பொடிப்பொடியாக உதிர்த்து வெளியே எடுப்பதுதான் அங்கே வேலை. இருபது வருடமாக அந்த அறை பெரியவளின் ராஜ்ஜியம். பக்கத்து மேசைக்காரர் ஓய்வு பெற்றதும், “வீட்ல சும்மாதானே இருக்கே, வா” என்று தம்பி மனைவியைக் கூட்டிவந்து உட்காரவைத்தவளும் அவள்தான். அன்றிலிருந்து எல்லோருக்கும் இவள் பெரியவள், அவள் சின்னவள்.

நட்சத்திர மீனின் பூர்வீகத்தை ஆராய்கிற டாக்டரம்மா ஒருநாள் கல்குவாரியிலிருந்து இரண்டு பாறைத் துண்டுகள் கொண்டுவந்தார். ஒன்றில் கடல் அல்லி பாதி தெரிந்தது. தண்டும் அதன் தலையில் விரித்த கைகளுமாகப் பூப்போல நிற்கும் பிராணி அது. இன்னொன்று சாம்பல் நிறத்தில் மொட்டைக் கல். ஓரத்தில் மட்டும் சொறி பிடித்த மாதிரி நாலு புள்ளிகள். பெரியவள் யோசிக்கவே இல்லை. பூவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மொட்டைக் கல்லைப் பக்கத்து மேசைக்குத் தள்ளினாள்.

“இத நீ வச்சுக்கோ. கை பழகுறதுக்கு ஆகும்.”

பூ அழகாகத்தான் வந்தது. ஆனால் அதே மாதிரிப் பூக்கள் கிடங்கில் அலமாரி அலமாரியாகத் தூங்கிக்கொண்டிருந்தன. சின்னவளின் சொறிக்கல்லோ மெல்ல மெல்ல ஒரு கை நீட்டியது. பிறகு இன்னொன்று. மழைக்காலம் முடிவதற்குள் ஐந்து கைகள், அகலமாக, இலை நரம்பு ஓடினதுபோல வரிசைத் தட்டுகளோடு. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்த டாக்டரம்மாவுக்கு அப்படியே உட்கார்ந்துவிடத் தோன்றியது. நல்லவேளை, பின்னால் நாற்காலி இருந்தது.

“நாற்பத்தெட்டுக் கோடி வருஷம்! கை பாருங்க, கடல் அல்லி மாதிரி. உடம்பு பாருங்க, தரையில கவுந்து படுத்த மாதிரி. ரெண்டு வம்சத்துக்கும் நடுவுல நிக்குது. இன்னும் நட்சத்திர மீன் ஆகல, ஆகப்போற ஒண்ணு!”

அந்தப் புது இனத்துக்குச் சின்னவள் பெயரையே வைப்பது என்று முடிவாயிற்று.

வீட்டில் தம்பிக்குக் கால் தரையில் பாவவில்லை. அவன் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கப் போகிற வீடுகளில் எல்லாம் இதே பேச்சு. அக்காவுக்கும் போன் போட்டான்.

“அக்கா, நாம செத்தாலும் அவ பேரு இருக்கும்கா!”

“இருக்கட்டும், இருக்கட்டும். எனக்கு அடுப்புல வேலை இருக்கு” என்று வைத்துவிட்டாள். அடுப்பில் ஒன்றுமில்லை. வயிற்றில்தான் எரிந்தது.

சின்னவள் பெருமை பேசவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். “எல்லாம் அக்கா கொடுத்த கல்லு” என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அது பாராட்டா, குத்திக்காட்டலா என்று பெரியவள் படுக்கையில் புரண்டு புரண்டு யோசிப்பாள். நட்சத்திர மீனின் மரபணுவைப் பார்த்தால் அதன் உடம்பு கிட்டத்தட்ட முழுக்கவே தலைதான் என்று டாக்டரம்மா ஒருநாள் சொன்னபோது, “உடம்பெல்லாம் தலைன்னா கனம் இருக்கத்தானே செய்யும்” என்று முணுமுணுத்தாள். சின்னவளும் சேர்ந்து சிரித்தாள். தன்னைத்தான் சொல்கிறாள் என்று அவளுக்குப் புரியவேயில்லை.

கடைசியில் பெரியவள் டாக்டரம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, விடுமுறை நாளில் சுத்தியலோடு குவாரிக்கே கிளம்பிவிட்டாள். பேருந்து ஓட்டுகிற புருஷன் வாசலில் மறித்தான்.

“வாரமெல்லாம் கல்லு, லீவு நாள்லயும் கல்லா? உனக்கு என்னடி ஆச்சு?”

“அவளுக்குக் கிடைச்சது எனக்குக் கிடைக்காதா?”

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தான்.

ஐந்து கை ஒன்று, அதுவும் சின்னவளுடையதைவிடப் பெரியதாக வேண்டும் என்று தேடினாள். வாரா வாரம் வெறுங்கைதான். வெயில் ஏறிய ஒரு மதியம், குவாரியின் அடிமட்டத்தில், இன்னும் பழைய படிவுகள் தெரிகிற இடத்தில், புருஷன் சாய்ந்து உட்கார்ந்திருந்த பலகைக்கல்லில் ஏதோ பளிச்சென்றது. உடைந்த தட்டின் முகம் கண்ணாடிச் சில்லு போல மின்னியது. நட்சத்திர மீன் வகையறாவின் ஓட்டுத் தட்டுகள் அப்படித்தான் மின்னும். ஆவலாகக் குனிந்தாள். கை இல்லை, நட்சத்திரம் இல்லை. கோணல்மாணலாகப் பூப்பந்து மட்டை போல ஏதோ ஒன்று.

“சே” என்றாள். இருந்தாலும் துணியில் சுற்றிக்கொண்டாள்.

மறுநாள் அதைப் பார்த்த டாக்டரம்மா தோள்பையைக்கூட இறக்காமல் குனிந்தார்.

“ஐம்பது கோடி வருஷமாவது இருக்கும்மா. ஐந்துங்கிற கணக்குக்கே வராத பழைய கிளை. இடது வலது கூட ஒத்துப்போகல பாருங்க, வாய் ஒரு ஓரமா இருக்கு. வேற நாடுகள்ல கிடைச்சிருக்கு, புதுசுன்னு சொல்லமாட்டேன். ஆனா நம்ம குவாரியில இதுதான் முதல். சின்னவங்க கல்லுக்கு இது ரொம்பத் தூரத்துப் பெரியப்பா முறை!”

பெரியவள் உடனே பக்கத்து மேசையைப் பார்த்தாள். சின்னவள் சிரித்தாள், ஆனால் சிரிப்பு கண் வரைக்கும் ஏறவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு ஊசியைத் துடைத்தாள். அந்த முகம் பெரியவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருடமாகத் தன் வீட்டுக் கண்ணாடியில் பார்த்த முகம். நெஞ்சுக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்படி இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

ஆனால் அடுத்த நாள் வேலையைத் தொடங்கினால், கல் மண்ணாங்கட்டி மாதிரிப் பொலபொலத்தது. அதிரும் ஊசியை வைத்ததும் ஓரத்தில் ஒரு சிறு தட்டு பெயர்ந்து தெறித்தது. பெரியவளுக்குக் கை வேகம். இதற்கு வேகம் ஆகாது. கையூசியால் மணி மணியாக எடுக்க வேண்டும். அதற்கான பொறுமை அந்த அறையில் யாரிடம் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பெயர்ந்த தட்டைத் தேடி எடுத்து ஒட்டிவிட்டு, ஊசியைக் கீழே வைத்தாள். மதியம்வரை சும்மாவே உட்கார்ந்திருந்தாள். பிறகு கல்லைத் தட்டத்தோடு தூக்கிப் பக்கத்து மேசையில் வைத்தாள், முகத்தைப் பார்க்காமல்.

“நிஜமாவா அக்கா? இது உங்க கல்லாச்சே.”

“என் கல்லுதான். அத யாரும் மறக்க வேணாம். கை மட்டும் உன்னுது.”

சின்னவள் தட்டத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “நேத்து நீங்க கொண்டுவந்தப்ப எனக்கு வயிறு எரிஞ்சுதுக்கா” என்றாள்.

“தெரியும். பாத்தேன்” என்றாள் பெரியவள். தன்னுடையதைப் பற்றி மூச்சு விடவில்லை. முக்காலியை இழுத்துப்போட்டு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

“அக்கா, கொஞ்சம் தள்ளி உட்காருங்க. நீங்க மூச்சு விட்டா மண்ணு பறக்குது.”

பெரியவள் தள்ளி உட்கார்ந்தாள், ஒரு விரற்கடை.