பெட்டி இறங்கும் பலகை

ஐவி ஐம்பத்தோரு வருடம் குடித்தனம் நடத்திய வீட்டுக்கு முந்நூற்றைம்பது வயது. வைக்கோல் கூரை, ஓக் மரச் சட்டங்களுக்கு நடுவே சுண்ணாம்புச் சுவர், புகைபோக்கியைச் சுற்றி வளைந்து ஏறும் மாடிப்படி. அதில் ஒரு ஆள் ஏறுவதே உடம்பைக் குறுக்கிக்கொண்டுதான். சவப்பெட்டி திரும்பவே திரும்பாது. அதனால் கட்டியவர்களே மாடித் தரையில் திறக்கிற மாதிரி ஒரு பலகை வைத்துவிட்டார்கள். ஐவியின் மாமனாரும் மாமியாரும் அந்த வழியாகத்தான் கயிற்றில் இறங்கிப் போனார்கள். உயிரோடிருப்பவர்கள் அதை மிதிப்பதில்லை. ஐவியின் துடைப்பம்கூட அதைச் சுற்றித்தான் போகும்.

அவள் கணவன் வில்ஃப் பக்கவாதம் வந்து மாடியிலேயே விழுந்துவிட்டான். ஆறடி ஆள், அந்தப் படியில் தூக்கி இறக்க வழியில்லை. படியை அகலப்படுத்த ஐவி நகராட்சிக்கு மனுப் போட்டாள். பழமைக்காகப் பாதுகாக்கப்பட்ட கட்டடம், ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று பதில் வந்தது.

"வீட்டக் காப்பாத்துறாங்களாம்! உள்ள கிடக்கிற மனுஷன் எக்கேடு கெட்டா இவங்களுக்கென்ன?"

ஏப்ரலில் கொல்லைப்புறப் பேரி மரம் பூத்தது. கல்யாணமான வருடம் வில்ஃப் நட்டது. மாடி ஜன்னலோ தெருவைப் பார்த்தது.

"ஒரே ஒரு தடவ பாக்கணும் ஐவி. தச்சன் டென்னிஸக் கூப்பிடு. பலகையத் திறந்து, நாற்காலியில கட்டி இறக்கிடுவான்."

"வாய மூடு! உசுரோட இருக்கிறவன் இறங்குற வழியா அது?"

"எங்கப்பா ஒண்ணும் குறை சொல்லலையே."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு டென்னிஸே வந்து கெஞ்சினான். "பத்து நிமிஷ வேல ஐவி."

"சாவுக்கு நானே கதவத் திறந்து விடணுமா? போ, போய் உன் வேலயப் பாரு."

அதற்குப் பதில் ஒரு கிளையை ஒடித்து, பால் ஜாடியில் வைத்துக் கட்டிலருகே கொண்டுவந்தாள். வில்ஃப் முகர்ந்தான்.

"மீன் நாத்தம் அடிக்குது. மரத்துல இருந்தா தெரியாது."

அதன்பின் அவன் கேட்கவில்லை. ஒரே மழையில் பூவெல்லாம் கொட்டிப்போயிற்று. மூன்றாம் வாரம் வில்ஃபும் போய்விட்டான்.

டென்னிஸ் பலகையைத் திறந்தான். நாலு பேர் கயிறு பிடித்தார்கள். பெட்டி எங்கும் இடிக்காமல் கூடத்தில் வந்து உட்கார்ந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"பின்வாசல் வழியா எடுத்துட்டுப் போங்க," என்றாள்.

"அங்க இப்ப பூ இல்லையே ஐவி," என்றான் டென்னிஸ்.

"தெரியும்."

அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தாள். அந்தப் பலகையைச் சுற்றிப் போகவே இல்லை, மிதித்துக்கொண்டுதான் நடந்தாள்.